கொலுசை நம்பிய காதுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடவாசல் அருகே என் தங்கை கவிதாவின் வீட்டில் இருந்தேன். கொல்லையை ஒட்டி வாய்க்கால். புதுத்தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டரை வயது மகள் இனியாவோ ஓரிடத்தில் நிற்கமாட்டாள்.

ஆயினும் கவிதா நிம்மதியாக மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். எப்படி?

"கொலுசு சத்தம் கேக்குதுல்லக்கா... கொல்லையிலதான் வெளையாடுறா. இந்த சத்தம் ஒரே தலைவலிதான்! முத்தில்லாத கொலுசா மாத்தணும்."

கேட்டது உண்மைதான். ஜல், ஜல்... எட்டிப் பார்த்தேன். துள்ளிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவின் ஆட்டுக்குட்டி! இனியாவுக்குச் சிறிதாகிப்போன பழைய கொலுசு அதன் கழுத்தில் தொங்கியது. குழந்தை அடம்பிடித்ததால் காலையில் அதைக் கட்டிவிட்டவள் கவிதாவேதான். கட்டியதை அடியோடு மறந்துவிட்டாள்.

"அப்ப இனியா எங்கடி?"

கரண்டி கீழே விழுந்தது. கவிதா வாய்க்காலுக்கு ஓடினாள். நான் கரையில் நின்று பெயர் சொல்லிக் கத்தினேன். தண்ணீரா பதில் சொல்லும்?

கூச்சல் கேட்டு வேலியைத் தாண்டி வந்தார் ஜமீலா அக்கா. "புள்ளைய பாருடின்னா என் ஆட்டையா பாத்துகிட்டு இருந்தே?" என்று ஏசியபடியே குட்டியை மடக்கிப் பிடித்து, கொலுசைக் கைக்குள் பொத்தினார். "செத்த கத்தாம இருங்க ரெண்டு பேரும்!"

மூச்சையும் அடக்கிக்கொண்டோம்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு 'ஜல்'.

நெல்மூட்டைகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்தாள், மடியில் சர்க்கரை டப்பாவுடன். கொலுசு காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டு கால்களையும் கைகளால் இறுகப் பற்றியிருக்கிறாள். ஆனால், சர்க்கரை அள்ள ஒரு கை வேண்டுமே... அந்தக் கை விட்ட கால்தான் எங்களைக் காப்பாற்றியது.

"திருட்டுக் கழுத!" அடிக்க ஓங்கிய கையாலேயே மகளை அணைத்துக்கொண்டு கவிதா அழுதாள். ஜமீலா அக்கா மூட்டைமேல் பொத்தென்று சாய்ந்தார். "எனக்கும் ஒரு வாய் குடுடி தங்கம். நெஞ்சு அடைச்சுப்போச்சு."

குழந்தையின் காலில் முத்துக் கொலுசு பூட்டுவது அழகுக்காக மட்டுமா? அவள் எங்கிருக்கிறாள் என்று வீடு அறிவதற்காகவும்தான். அவளே வளர்ந்துவிட்டால், "சத்தம் வராம நட" என்கிறோம். மணமகளானாலோ, புகுந்த வீடு முழுவதும் ஒலிக்கட்டும் என்று மறுபடியும் முத்துகளைக் கூட்டுகிறோம். கால் அவளுடையது, ஒலியின் அளவு மட்டும் எப்போதும் நம்முடையது. நானறிந்த வரையில் தன் ஒலியைத் தன் கையிலேயே வைத்திருந்தவள் இனியா ஒருத்திதான் — அதுவும் சர்க்கரைக்காக!

மறுநாள் கும்பகோணத்து நகைக்கடையில், முத்தில்லாத கொலுசுகளை எடுத்து வைத்த பணியாளரிடம் கவிதா கையசைத்தாள்.

"அதெல்லாம் உள்ள வைங்க. தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி எது இருக்கு?"