கயல்விழி கற்ற மாயா சொல்

இன்று நானும் மகளும் எங்கள் புறநகரான டண்டினொங்கின் குழந்தை நல நிலையத்தில் காத்திருந்தோம். போன தடவை நேர்ஸ், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பிள்ளை குழம்பிவிடும்" என்றதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் விட்டால் அவளோடு தமிழ் கதைக்க இந்தத் தெருவில் வேறு யார்?

மூன்று வயது கயல்விழி படப்புத்தகத்தைக் காட்டி, "அம்மா, நாய்! பெரிய நாய்!" என்று கத்தினாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு குவாத்தமாலாப் பெண் அந்த நாய்ப் படத்தைப் பார்த்தாள். "எங்கள் மாயா மொழியில் இது ட்ஸி" என்றாள். நம் எழுத்தில் இவ்வளவுதான் காட்டலாம். முதல் ஒலியைத் தொண்டையை அடைத்து வெடிக்க விடவேண்டும்; முடிவில் மூச்சை வெட்டவேண்டும்.

நான் முயன்றேன்.

"இது தும்மல்" என்றாள் அந்தப் பெண்.

கயல் ஒரே தடவையில் சொன்னாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "என் மகனுக்கு இது வராது. இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னார்கள், நானும் கேட்டுவிட்டேன்."

உள்ளே நேர்ஸ், "இப்போது வீட்டில் இங்கிலீஷ்தானே?" என்றார்.

"இல்லை, தமிழ்தான்" என்றேன்.

பின்னேரம் கயல் பக்கத்து வீட்டு நாயை மாயா மொழியில் கூப்பிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது.

இதில் குழம்பியது யார் என்று நீங்களே சொல்லுங்கோ.