தையலக்கா பார்த்துக்கொள்வாள்

நகரத்தின் நட்டநடுவில், உயரமான கட்டடங்களுக்கிடையே ஒரு பூங்கா. அதை ஒட்டிய குடியிருப்பின் தரைத்தளத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள் தையலக்கா. பேண்ட்டுக்கு மடிப்பு அடிப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவது, இதுதான் பிழைப்பு. துணி கொண்டுவந்தால் "எப்ப வேணும்?" என்பாள். வாங்கிப் போகும்போது தலையசைப்பாள். அதற்குமேல் வாயிலிருந்து முத்து உதிராது. அந்தக் கட்டடத்தில் தன்னை ஓர் ஆளாக யாரும் எண்ணுவதில்லை என்று நினைத்திருந்தாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் நிம்மதிதான்.

அன்று மாலை நாலரை மணிக்குக் கதவு இடிபட்டது. திறந்தால் மூன்றாவது மாடிப் பெண், பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், வேலை உடுப்போடு மூச்சிரைக்க நின்றாள்.

"அக்கா, என் பொண்ணு எங்க?"

தையலக்கா வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அங்கே ஏதாவது குழந்தை உட்கார்ந்திருக்கிறதோ என்பதுபோல.

"எந்தப் பொண்ணும்மா?"

"வாலுதான்க்கா, நம்ம வாலு. ஸ்கூல் விட்டதும் பார்க்ல விளையாடுவாளே. இப்ப அங்க இல்ல. எந்தப் பக்கம் போனா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதானேக்கா பாத்துக்கறீங்க?"

பார்த்துக்கொள்வதா? யார் சொன்னது, எப்போது சொன்னது?

"புள்ளைங்க ரோட்டுப் பக்கம் போனா ஜன்னல் கம்பியில கத்தரிக்கோலால தட்டுவீங்கல்ல?" நர்ஸ் விடவில்லை. "சத்தம் கேட்டதும் திரும்பிடும்ல? நாங்க குடிவந்த அன்னைக்கே எதிர்வீட்டுல சொன்னாங்க. தையலக்கா இருக்காங்க, நீ தைரியமா வேலைக்குப் போன்னு."

தட்டியதென்னவோ உண்மைதான். ஏதாவதொரு பொடிசு பூங்காவின் தெருவாசலை நோக்கி நடந்தால் அவள் கை தானாகத் தட்டிவிடும். கொட்டாவி வருவதுபோல ஒரு பழக்கம், அவ்வளவே. அது வெளியே கேட்டிருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச்செய்தி. அதை நம்பி இத்தனை பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

மூன்று நாளாகத் தையல் மெஷின் பூங்காவைப் பார்த்த ஜன்னலோரத்தில் இல்லை. மாலை வெயிலில் கண் கூசுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அன்றைக்கே அதை உள்ளறைக்கு நகர்த்திவிட்டார்.

"மூணு நாளா நான் ஜன்னல் பக்கமே வரலம்மா" என்றாள்.

நர்ஸ் தெருப்பக்கம் திரும்பி ஓடப்போனாள்.

அப்போதுதான் வாலு நிற்கிற இடம் தையலக்காவின் மனசில் வந்தது. மற்றக் குழந்தைகள் சறுக்குமரத்துக்கு அடித்துக்கொள்ளும்போது, இவள் மட்டும் தெருவாசலில் நின்று எதிர்ப்புற அலுவலகக் கட்டடத்தின் சுழலும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வருடத்தில் தட்டிய தட்டில் பாதி இவளுக்குத்தான்.

"வா" என்றாள். செருப்புக்கூடப் போடாமல், கழுத்தில் அளவுநாடா தொங்க, சாலையில் இறங்கினாள். பேருந்து ஒன்று அலறிக்கொண்டு பிரேக் போட்டது. ஐந்து வயதுக் குழந்தை தனியாக இதையா கடந்திருக்கிறது?

வாலு அங்கேதான் இருந்தாள். கண்ணாடிக் கதவுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"அரைமணி நேரமா இதே கூத்துதாம்மா" என்றார் காவலாளி. "போதும்னா, இன்னும் ஒரு ரவுண்டு அங்கிள்ங்கறா. நானும் ஆபீஸ்ல யாரோட புள்ளையோன்னு விட்டுட்டேன்."

நர்ஸ் மகளை வெளியே இழுத்து முதுகில் ஓர் அடி வைத்தாள். அடுத்த நொடி கட்டிக்கொண்டு அழுதாள். வாலு அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாகத் தையலக்காவைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தாள்.

"நீங்க ஏன் தட்டல? நான் ரோட்டோரமா நின்னு ரொம்ப நேரம் பாத்தேன். நீங்க தட்டவே இல்ல. அப்ப போலாம்போலன்னு வந்துட்டேன்."

நர்ஸ் தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அதில் ஒரு சொல்கூட அவளுக்கு உள்ளே இறங்கவில்லை.

கணவர் வேலை முடிந்து வந்தபோது, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியில் அமர்ந்து ஷூவைக் கழற்றியபடியே கேட்டார்.

"நல்லவேளை கிடைச்சுதே. ஆமா, நீ பாத்துக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேக்கற? போன மாசம் நாலாவது மாடிக்கு வந்தவங்ககிட்ட நானே சொன்னேனே. எங்க வீட்டம்மா இருக்கும்போது கேமரா எதுக்கு சார்னு."

"அப்புறம் எதுக்கு மெஷினை உள்ள தள்ளுனீங்க?"

ஷூ நாடாவை அவிழ்த்த கை அப்படியே நின்றது. "கண்ணு கூசுதுன்னியே…" என்று இழுத்தார்.

அவருக்குமே அது இப்போதுதான் உறைத்தது என்று முகமே சொன்னது. "நகரு, திரும்ப ஜன்னல்கிட்ட போட்டுடறேன்" என்று எழுந்தார்.

"வேணாம். அங்கேயே கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு வெளியே வந்து மாடிப்படி ஏறினாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. முதல் மாடியில் முதல் வீட்டின் மணியை அழுத்தினாள். திறந்த பெண் முகமெல்லாம் சிரிப்பாக, "அட, தையலக்காவா? என் சுடிதார் ரெடியா?" என்றாள்.

"இல்ல. ஒண்ணு சொல்லணும். என் மெஷின் உள்ள போயிடுச்சு. பார்க்ல இருக்கற புள்ளைங்கள நான் பாக்கல. நாளைலேருந்து யார் பாக்கறதுன்னு நீங்கள்லாம் பேசி முடிவு பண்ணுங்க."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னக்கா திடீர்னு… இத்தனை வருஷமா நீங்கதானே…"

"இத்தனை வருஷமா எனக்கே தெரியாதும்மா. யாரும் என்னைக் கேக்கல."

தான் இவ்வளவு பேசியது தனக்கே நம்ப முடியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு பக்கத்து வீட்டு மணியை அழுத்தப் போனாள்.