வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு பேனர்

என் மகள் என்ன படிக்கிறாள் என்பதை ஊரில் ஒருவருக்குக்கூட என்னால் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. டிசைன் என்றால், "லேபிள் வரையிற படிப்பா அண்ணாச்சி? அதுக்கு எதுக்குச் சென்னை? சிவகாசியில ஒரு ஆப்செட்டுல விட்டா ஆறு மாசத்துல கத்துக்கிடுமே" என்பார்கள். கலை என்றால் இன்னும் மோசம், "பரதநாட்டியமா?" எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஆக, வேலை கெடைக்காதுன்னு தெரிஞ்சே சேத்துவிட்டிருக்கீக" என்றார். அந்தப் படிப்பைப் பற்றி அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு வகையில் எனக்கும் அதே தொழில்தான். விருதுநகரில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி. "கல்யாண வீட்டுல மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீட்டுல பொணமா இருக்கணும்" என்று ஒரு சொலவடை உண்டே, அந்த ஆசையை நம்பித்தான் கடை ஓடுகிறது.

மகளின் முதல் புராஜெக்ட் மழையைப் பற்றியது. எங்கள் ஊர் சிவகாசி போகிற வழியில் இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் எல்லாரும் காட்டு வேலை. இப்போது எல்லாரும் பட்டாசு வேலை. மழை பெய்தால் சரக்குக் காயாது, கம்பெனிக்கு லீவு, அன்றைக்குச் சம்பளம் இல்லை. அதனால் மேகம் கூடினால் எங்கள் தெருவில் வசவு கிளம்பும். "போயேன், மதுரையில போய்ப் பெய்யேன், அங்கனதான் மாடி வீட்டுக்காரன் இருக்கான்" என்பாள் ஒருத்தி. என் தங்கச்சி மட்டும் மரியாதையாகப் பேசுவாள். "எங்க ஐயா காலத்துல உன்னையக் கும்பிட்டோம். இப்ப வையுறோம். கோவிச்சுக்கிடாத, பொழைப்பு மாறிப்போச்சு."

மகள் இதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டு போய், பழைய சேலைகளை ஒட்டுப்போட்டு ஆள் உயரத்துக்கு ஒரு மேகம் தைத்து, அதன் மேல் அத்தனை வசவையும் நூலால் எழுதிவிட்டாள். கல்லூரியில் பாராட்டினார்களாம். தங்கச்சிக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "நான் வஞ்சதுக்கு மார்க்கு போட்டிருக்காகளாக்கும்!"

அடுத்தது காற்று. வெள்ளைத் துண்டுகளை வாங்கி, மிளகாய் மண்டி வாசலில் ஒன்று, அச்சகத்துக்குப் பின்புறம் ஒன்று, கண்மாய்க் கரையில் ஒன்று, கம்பெனி வேனின் கூரையில் ஒன்று என்று கட்டிவிட்டாள். சில நாள் கழித்து அவிழ்த்தபோது ஒவ்வொரு துண்டும் ஒரு நிறம். மண்டித் துண்டை மடித்தவள் வீடு வந்து சேரும்வரை தும்மிக்கொண்டே வந்தாள். "அழுக்க மூட்டை கட்டிக்கிட்டு மெட்ராசு போறா பாரு என் மருமக" என்று தங்கச்சி சிரித்தாள். "எங்கிட்டக் குடுத்தா தோச்சே குடுத்திருப்பேன்."

இந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வீடுதான். மாப்பிள்ளை மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவள் கம்பெனியில் பல வருடம் மருந்து அறையில் வேலை பார்த்தாள். வெடிக்கிற பொடியைத்தான் இங்கே மருந்து என்கிறோம். கெஞ்சி, காத்திருந்து, ஒரு வழியாகப் பெட்டி போடும் செக்ஷனுக்கு மாறினாள். முடிந்த சரக்கை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. மாறிய அன்று சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "அண்ணே, முழுச் சாவுல இருந்து கால் சாவுக்கு வந்துட்டேன்" என்றாள். அந்த இடம் கிடைப்பது லேசில்லை. விட்டால் மறுபடியும் மருந்துதான்.

மூன்றாவது புராஜெக்டுக்கு மகள் வந்தபோது நேராக என் கடைக்குத்தான் வந்தாள். கல்யாண பேனர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசை, மாமன்மார் வரிசை, கட்சிக்காரர் வரிசை. பார்த்துக்கொண்டே நின்றவள் கேட்டாள்: "அப்பா, நம்ம தெருவுல வேன் ஏறிப் போற பொம்பளைகள்ல யாராவது ஒரு ஆள் உங்க பேனர்ல வந்திருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வந்திருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் கண்ணீர் அஞ்சலியில்.

"அதான்ப்பா. செத்தாத்தான் முகமா? உசுரோட இருக்கையில ஒரு தடவை பெருசா வரட்டும்."

கேள்வி நல்ல கேள்விதான். அதில் எனக்குச் சந்தேகம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தங்கச்சிதான் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் எடுத்தாள் மகள். ஒரே கூத்து.

"ஏத்தா, பவுடர் போட்டுக்கிடவா?"

"வாரம் பூரா பவுடர்லதானடி கெடக்க. இன்னிக்காவது கழுவிட்டு நில்லு."

"பல்லக் காட்டாதடி, இந்த வயசுல வரன் வந்துரப் போகுது!"

மகள் மட்டும் சிரிக்காத படங்களாகப் பொறுக்கினாள். சிரித்தால் விளம்பரம் மாதிரி இருக்குமாம். கலர் வேண்டாம் என்றாள். "கலர் போட்டா பட்டாசு டப்பா மாதிரி ஆயிரும்ப்பா. கறுப்பு வெள்ளை." கீழே ஒரே வரி, 'இன்றும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.' அதையும் பொடி எழுத்தில். எழுத்தைப் பெரிசாக்கு, எங்கள் தொழிலில் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்றேன். "வெத்து இடம் நிறைய விடணும்ப்பா, அதுதான் டிசைன்" என்றாள். படித்த பிள்ளை சொல்கிறாள் என்று விட்டேன். மூலையில் என் கடைப் பெயரும் போன் நம்பரும், எல்லா பேனரிலும் தானாக வந்து விழுகிற மாதிரி, அதிலும் விழுந்தது.

காலையில் வேன் போன பிறகு பஸ் நிறுத்தத்துச் சுவரில் கட்டினோம். சாயங்காலம் வேன் வந்து நிற்கும்போது அவர்களே இறங்கிப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கடைக்குப் போய்விட்டேன்.

அன்று மேற்கே ஒரு சத்தம் கேட்டது. கல் குவாரி வெடி. எங்களுக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் பஸ்ஸில் போன எவனோ சத்தத்தையும் கேட்டான், சுவரையும் பார்த்தான். கறுப்பு வெள்ளையில் வரிசையாகப் பெண்களின் முகம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். படம் எடுத்து, அழுகிற பொம்மை நாலு போட்டு, குரூப்பில் தட்டிவிட்டான். ஊர் வாயையே உலைமூடியால் மூட முடியாது, வாட்ஸாப்பை எதைக்கொண்டு மூடுவது?

முதல் போன் எனக்கு வந்தது. தெரியாத குரல். "அண்ணாச்சி, அந்தப் பேனர் நீங்க அடிச்சதுதான? பாடி எப்ப குடுப்பாக?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த பாடி என்றேன். அந்தப் பக்கம் ஓவென்று அழுகை. வைப்பதற்குள் அடுத்தது. அதற்கு அடுத்தது. உயிரோடு இருக்கிறார்கள், அது படிப்புக்காகச் செய்தது என்று கத்தினேன். "அப்ப ஏன் போன எடுக்க மாட்டேங்கா?" என்று கேட்டான் ஒரு தம்பி. எப்படி எடுப்பாள்? கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் வீட்டு அலமாரியில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

நானும் மகளும் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் லோடு ஆட்டோக்களில் சனம் வந்து இறங்கிவிட்டது. மாலை, மாரடிப்பு, ஒப்பாரி. காவல்காரர் கேட்டைத் திறக்கப் பயந்துபோய் உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வெளியே வந்தார்கள். தங்கள் இழவுக்குத் தாங்களே வந்து நின்றார்கள். தன் மகளைப் பார்த்த ஒரு பெரியவர் அப்படியே கட்டிப்பிடித்தார்; பிடித்த கையோடு கன்னத்தில் ஒன்று வைத்தார். "உசுரோடதான் இருக்கியாடி மூதேவி!" அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "மாலையக் கீழ போட்டுராதீக ஐயா, காளி கோயில்ல போட்டுக்கிடலாம்" என்றாள். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்துவிட்டது எல்லாருக்கும். தங்கச்சி என் மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "எனக்கு எம்புட்டுக் கூட்டம் வரும்னு பாத்துட்டேன்டி, போதும்" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லித் திரிந்திருப்பேன்.

கூட்டம் கூடினால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பின்னாலேயே ஆய்வு வரும். சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேல். அறைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கை மீறி உள்ளே ஆள் இருந்தது. விதிக்கு மாறாக மரத்தடியிலும் உட்கார்ந்து திரி சொருகிக்கொண்டிருந்தார்கள். உரிமத்தை நிறுத்திவைத்து, கேட்டைப் பூட்டி, அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பூட்டியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பூட்டாமல் விட்டு ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் நான் அடித்த பேனர் நிசமாகியிருக்கும். ஆனால் தீபாவளியை நம்பி வருடம் முழுக்க ஓட்டுகிற தெரு அது.

தெருக்குழாயில் தங்கச்சியைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "உன் மருமக எங்களைப் படத்துல ஏத்திட்டா, வேன்ல இருந்து எறக்கிட்டா." "நீதான வீடு வீடா வந்து கூப்பிட்ட?" பவுடர் போட்டுக்கிடவா என்று கேட்டவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மகள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேகத்துக்கு விழுந்த வசவெல்லாம் இப்போது அவளுக்கு விழுந்தது.

திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தோம். மனுவை மகள்தான் எழுதினாள். காற்று கெட்டுப்போகிறது என்று துண்டு கட்டித் திரிந்த பிள்ளை, பட்டாசுக் கம்பெனியைத் திறக்கச் சொல்லி எழுதினாள். வாங்கிக்கொண்டார்கள். முறைப்படி பார்க்கப்படும் என்றார்கள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது, "நான் எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டாள். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறவன் நான். கரும்புச்சாறு குடிக்கிறாயா என்று கேட்டேன்.

கல்லூரிக்குப் போகமாட்டேன் என்றவளை நான்தான் அனுப்பிவைத்தேன். அங்கே போய், இங்கே நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்த வாசல் கூட்டத்தின் படத்தையும் காட்டியிருக்கிறாள். பேனரைவிட அதற்குப் பின் நடந்ததுதான் கலை என்று சொன்னார்களாம். அந்த வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மார்க். போனில், "கைதட்டினாங்கப்பா" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள். பிள்ளை மார்க் வாங்கி, தகப்பன் நடுங்கியது எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

சீசன் முடிகிற நேரத்தில் கம்பெனியைத் திறந்தார்கள். அறைகளைக் குறைத்து, ஆளைக் குறைத்து. எங்கள் தெருப் பக்கம் வேன் வரவில்லை. பெட்டி போடும் செக்ஷனில் வேறு ஆள்.

தங்கச்சியைக் கடையில் வைத்துக்கொண்டேன். பேனர் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடிக்கிற வேலை. அடிக்க பேனர் வேண்டுமே? அந்தச் சுவருக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஊர்களில் சாவுக்குக்கூட என்னிடம் வருவதில்லை. கை ராசி சரியில்லையாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவளே நின்றுகொண்டாள். பிறகுதான் தெரிந்தது, கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகைக்குப் போகிறாள் என்று. போர்டு இல்லை, உரிமம் இல்லை, அறை என்று ஒன்று இல்லை. மருந்து வேலை. சண்டை போட்டேன். அவள் ஆறுதல் சொல்லுகிற குரலில், "அங்கன போன் வச்சுக்கிடலாம்ண்ணே. கூப்பிட்டா உடனே எடுப்பேன்" என்றாள்.

பொங்கல் லீவுக்கு மகள் வந்தாள். விடிந்தும் விடியாமலும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே நானும் போனேன். தங்கச்சி தூக்குவாளியில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நக இடுக்கெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடி.

"போகாத அத்தை."

"சரி, போகல" என்று தங்கச்சி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, நிசமாகவே கேட்டாள். "போகாம என்ன செய்யன்னு ஒரு வார்த்தை சொல்லு. செய்யுறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தெருமுனையில் கொட்டகைக்காரனின் வண்டி ஹாரன் அடித்தது. தங்கச்சி எங்கள் இருவரில் யாருக்காவது வார்த்தை வருகிறதா என்று இன்னும் கொஞ்சம் பார்த்தாள். மறுபடியும் ஹாரன்.

"பிள்ளைய ஏன் அழ விடுறீக அண்ணே" என்று என்னைத்தான் வைதாள். வாளியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "அடுப்புல பால் இருக்கு. பொங்கவிட்டுராம எறக்கி ரெண்டு பேரும் காப்பியப் போட்டுக் குடிங்க."