ஒற்றைச் சட்டத்தில் ஐந்து பூக்கள்

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அவள் வேலை பார்த்தாள். தெருவில் எல்லோருக்கும் சட்டக்காரி. படத்தை வாங்கிப் போகிறவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்வாள்: "வெயில் படாத இடமா பாத்து மாட்டுங்க. சாயம் போயிடும்." சொல்லிச் சொல்லி, போய்வாருங்கள் என்பதற்குப் பதிலாகவே அது வந்தது.

அவளும் தங்கையும் இருந்தது ஒற்றை அறை. இரண்டு கட்டில்கள், தங்கையின் தையல் மிஷின், பீரோ, திரைக்குப் பின்னால் அடுப்பு. ஒருத்தி நடக்க வேண்டுமென்றால் இன்னொருத்தி கட்டிலில் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். வெறுமையாக இருந்தது பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் சுவர்தான்.

கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த வாடிக்கையாளர் ஒருவர், வீட்டைக் காலி செய்தபோது ஐந்து ஜப்பானியப் படங்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். நிறத்துக்கு ஒரு மரப்பலகையாகச் செதுக்கி, மெல்லிய காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. தூணில் மாட்டுகிற மாதிரி ஒடுக்கமும் நீளமுமானவை. செர்ரி, ஐரிஸ், தாமரை, சாமந்தி, பனியைத் தலையில் சுமந்த சிவப்புக் காமெலியா.

"எல்லாத்தையும் மாட்டிடலாம்டி குட்டி," என்றாள் தங்கையிடம்.

"ஏற்கெனவே மூச்சு முட்டுது. ஒண்ணே ஒண்ணு மாட்டு. காலம் மாறினா பூவை மாத்து. அந்த ஊர்ல அப்படித்தானாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"கப்பல்காரர்தான். நீ அட்டைக்கு அளவு எடுத்துட்டிருந்த. உன் காதுல என்னிக்கு எது விழுந்துச்சு?"

சட்டக்காரி ஒரே ஒரு சட்டம் செய்தாள். பின்பக்க அட்டையைப் பித்தளைத் திருகுகள் பிடித்துக்கொள்ளும். விரலால் தள்ளினால் திருகு சுழன்று அட்டை திறக்கும். மீதிப் படங்கள் பீரோவின் இருட்டில். ஐரிஸ் வந்தால் அடுப்புத் திரையும் நீலமாகும். சாமந்திக்குத் திரையோடு தலையணை உறைகளும் மஞ்சளாகும். மிச்சத் துணியிலேயே அறையை வேறு அறையாக்கிவிடுவாள் குட்டி. வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

சாமந்தி மாட்டியிருந்தபோது குட்டி நோயில் படுத்தாள். மருத்துவர் சட்டக்காரியை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். குட்டி அந்த முகத்தையே பார்த்தாள்.

சில நாள் கழித்துத்தான் கேட்டாள். "அக்கா, செர்ரியைப் போடேன்."

"அடுத்தது பனிப்பூ. அது முடிஞ்சுதான் செர்ரி. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறை வச்சதே நான்தானே?"

"பேசாம படு. காலம் வரட்டும், நீயே மாட்டுவ."

முன்கூட்டியே மாட்டினால், மருத்துவர் சொன்ன கெடுவுக்குத் தலையாட்டியதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தான் இல்லாத நேரத்தில் குட்டியே எழுந்து மாற்றிவிடுவாளோ என்ற பயம் வேறு. மறுநாள் காலை குட்டி கண்ணயர்ந்திருந்தபோது, சட்டத்தைக் கழற்றி, பின்பக்கம் சுற்றிலும் குண்டூசி ஆணிகளை அழுத்தி இறக்கி, மேலே பசைக் காகிதத்தை ஒட்டி, பழையபடி மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் வந்தபோது குட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கவிழ்த்த சட்டம். பசைக் காகிதம் ஒரு மூலையில் மட்டும் பிறாண்டியிருந்தது. நகக்கண்ணில் இரத்தம்.

"கஸ்டமருக்குப் பண்ற மாதிரி கெட்டியா பண்ணியிருக்க. புழுகூடப் போகாது," என்றாள் குட்டி. சிரிக்கப் பார்த்து, இருமினாள். "எனக்குமா, அக்கா?"

சட்டக்காரி கத்தியை எடுத்தாள். எத்தனையோ சட்டங்களைப் பிரித்த கை அன்று மூன்று இடத்தில் அட்டையைக் கிழித்தது. செர்ரியை வைத்து மாட்டினாள். குட்டியைத் தூக்கிப் படுக்க வைத்தாள். துணி மூட்டை அளவுதான் கனம்.

குட்டி வெகுநேரம் பார்த்தாள். "இதுக்கு ரோஸ் திரை தைக்கணும். துணி கிடக்கு," என்றாள். மிஷினில் உட்கார அவளால் முடியவில்லை. பனிக்காலம் முடியுமுன் போய்விட்டாள்.

செர்ரிக்கான காலம் வந்தது, போனது. ஐரிஸும் தாமரையும் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக இறங்கி நேராக அந்த ஒன்றரைச் சாண் சுவரில்தான் விழும். முன்பெல்லாம் ஒரு பூவும் அங்கே நெடுநாள் நின்றதில்லை. அதனால் எந்தச் சாயமும் போனதில்லை.

"அக்கா, உங்க பூவே வெளுத்துப் போச்சே. ஊருக்கெல்லாம் நீங்கதான் சொல்றீங்க," என்றாள் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரின் மருமகள்.

"ஆமா. பாக்கணும்."

அன்று சட்டத்தை இறக்கினாள். திருகுகளைத் தள்ளி, அட்டையை விலக்கிப் படத்தை எடுத்தாள். முன்பக்க ஓர அட்டை மூடியிருந்த விளிம்பில் மட்டும் பழைய ரோஸ் அப்படியே இருந்தது, விரல் அகலத்துக்கு. மாட்டிய அன்று குட்டி பார்த்த நிறம். அதற்கு உள்ளே பூக்கள் பழைய பால் நிறத்தில் கிடந்தன.

ஐரிஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீலம் கண்ணைப் பறித்தது. அடுப்புத் திரையைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் சாமந்திக்குத் தைத்த மஞ்சள்தான் தொங்கியது. மிஷினின் கீழே ரோஸ் துணி, வெட்டுவதற்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபடி, மடித்தே இருந்தது.

ஐரிஸைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். செர்ரியைச் சட்டத்துக்குள் வைத்தாள். திருகுகளை மூடி, அதே ஆணியில் மாட்டினாள்.

வெயில் அதற்குள் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஜன்னல் திரையை இழுத்துவிடலாம். அவள் குட்டியின் கட்டிலில், நடக்க யாரும் இல்லாத அறையில், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.