கிரேன்காரருக்கு யார்மீதும் நம்பிக்கையில்லை

கிரேன்காரர் தன் நிழலைக்கூட நம்பமாட்டார். அவ்வளவு உயரத்தில், கூண்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கீழே நாலு பேர் சேர்ந்து நின்றாலே தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று தோன்றும். அவர் சந்தேகப்படாத விஷயங்கள் இரண்டுதான்: பகலெல்லாம் ஊதுகிற சிகரெட், சாயங்காலத்துப் பாட்டில்.

கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு வழிகாட்டுகிறவன் அவர் மனைவியின் தம்பி. அன்று அவன் "நிறுத்துங்க மாமா" என்றான். கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு நிற்காமல் இன்னும் இறங்கி, ஒரு தொழிலாளியின் ஹெல்மெட்டை உரசிய பிறகுதான் நின்றது. அந்த ஆள் பிழைத்தது பெரிய விஷயம்.

"லேட்டா சொல்லிட்டு என் தலையில கட்டுறியா மாப்ள? என் சீட்டு மேல உனக்கு ஒரு கண்ணு."

வாக்கி-டாக்கியை மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளும் சுமை தாமதமாகவே நின்றது. புதுசையும் மச்சினன் கெடுத்துவிட்டான் என்றார். மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா இருக்கும்போது மூளையில சில பகுதிங்க ஒரு கூட்டமா சேர்ந்து ஓடும். கவனமா வேலை செய்யும்போது இன்னொரு கூட்டம். இது அடங்கி அது எழுந்திருக்க, ரெண்டுக்கும் நடுவுல சேதி போகணும். புகை, குடி ரெண்டும் அந்தப் பேச்சைக் கெடுக்கலாம்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. உங்களுக்கும் அதேதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டையும் விடுங்க. இப்போதைக்கு கிரேன்ல ஏறாதீங்க. கம்பெனில நீங்களே சொல்லிடுங்க."

மச்சினன் இங்கேயும் முந்திக்கொண்டு வந்து பேசியிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "நாளைக்கு ஏறுவீங்களா?"

"பின்ன? உன் தம்பிக்கு விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா?"

அவள் முகம் வாடிப்போனது. சமாதானப்படுத்த அவரே டீ போட்டு, அவள் கையிலிருந்த தம்ளரில் ஊற்றினார்.

"போதுங்க" என்றாள். அது அவர் காதில் தெளிவாக விழுந்தது. கை ஊற்றிக்கொண்டே இருந்தது. அவள் அலறிய பிறகுதான் நின்றது.

குழாயடியில் அவள் சிவந்த விரல்களைத் தண்ணீரில் பிடித்தபடி நின்றார். வேண்டுமென்றே தாமதமாகச் சொல்லியிருப்பாளோ என்று நினைக்கப் பார்த்தார். முடியவில்லை. முதல் முறையாக அவருக்குப் பயமாக இருந்தது.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு நான் ஏறல மாப்ள."

"என்ன மாமா, திடீர்னு?"

அவர் மனைவியின் சிவந்த விரல்களைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ சரியான நேரத்துலதான் சொல்லியிருக்க."