முப்பது பேர், ஒரே கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மூன்றே வரி.

'வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் இரு. பேன்ட் சட்டை வேண்டாம், ஜிப்பா போட்டு வா. பார்த்தால் எழுத்தாளன் மாதிரி தெரிய வேண்டும்.'

வீட்டுக்கு வீடு டி.வி., தெருவுக்குத் தெரு வீடியோ கடை என்று ஆகிவிட்ட இந்த 1991-லும் போஸ்ட் கார்டில் ஆணை பிறப்பிக்கக்கூடிய ஒரே ஆள் அமலோற்பவம் டீச்சர்தான். என் மனைவி முதன்முதலில் வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியை. ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. அவர் ஓய்வு பெற்றாரே தவிர, மற்றவர்களை ஓய்வெடுக்க விடுவதில்லை.

டீச்சருக்கு வாழ்க்கையில் இரண்டே லட்சியம். ரேஷன் கடை இருக்கிற ஊரில் எல்லாம் ஒரு லைப்ரரி இருக்க வேண்டும். கைநாட்டு வைக்கிற பெரியவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். அவ்வளவுதான்... சின்ன ஆசைதானே? இதற்காக அவர் மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை, சண்டை போடாத பஞ்சாயத்து இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு எல்லோரும் எவர்சில்வர் குடம் கொடுத்தபோது இவர் ஒரு புத்தக அலமாரி கொடுத்தார் — காலியாக. நிரப்புவது எங்கள் வேலையாம். பிறகு குழந்தை பிறந்ததை விசாரிக்க வந்தவர், முதலில் போய்ப் பார்த்தது அலமாரியைத்தான்.

எனக்கு ஜிப்பா கிடையாது. மைத்துனனிடம் கடன் வாங்கினேன். அவன் உடம்பு வாகுக்குத் தைத்தது. அதற்குள் நான் இருக்கிறேனா என்று கண்டக்டர் உற்றுப் பார்த்தார்.

சுங்குவார்சத்திரத்தில் டீச்சர் குடையோடு நின்றிருந்தார். உள்ளே இரண்டு மைல் நடை. வழியில் விஷயத்தைச் சொன்னார். (ஊர் பெயர் வேண்டாம் என்று அந்த ஊர் நூலகர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். எனவே, வேண்டாம்.)

அந்த ஊரில் ஒரு பகுதி நேர நூலகம். ஒரே அறை, ஒரு வராந்தா, இரண்டு பீரோ. நூலகர் ஏழுமலை. ஒரு நூலகம் உயிரோடு இருக்கிறதா என்பதை மேலிடத்தில் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? வருகைப் பதிவேட்டை வைத்து. உள்ளே வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊரில் ஒரு நாளைக்கு ஐந்து கையெழுத்து விழுந்தால் அதிகம். அதிலும் இரண்டு பேர் பேப்பரில் ராசிபலன் பார்க்க வருகிறவர்கள். இப்படியே போனால் மூடிவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது.

டீச்சர் சும்மா இருப்பாரா? சர்ச்சுக்குப் பக்கத்து அறையில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலையில் நடத்திக்கொண்டிருந்த எழுத்தறிவு வகுப்பை, அப்படியே நூலக வராந்தாவுக்குத் தூக்கி வந்துவிட்டார். முப்பது பெண்கள். வகுப்பு முடிந்ததும் தினமும் முப்பது கையெழுத்து. ஆளுக்கொரு படப் புத்தகமாவது புரட்டிவிட்டுத்தான் கையெழுத்து — அதில் டீச்சர் கண்டிப்பு.

மேலிடம் சந்தோஷப்பட்டது. அப்புறம் சந்தேகப்பட்டது. போன மாதம் வந்த ஆய்வு அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். வாங்கி வைத்த கலர் சோடாவைக்கூடத் தொடாமல் போய்விட்டார். பத்து நாளில் ஓர் ஓலை. கையெழுத்துகள் பொய்யானவை என்று தெரிகிறது, வெள்ளிக்கிழமை நேரில் விசாரணை, நிரூபணமானால் நூலகர் நீக்கம், புத்தகங்கள் டவுன் நூலகத்துக்கு மாற்றம்.

அக்கிரமம் அல்லவா? எனக்கும் ரத்தம் கொதித்தது — நூலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கிற வரைக்கும்.

பார்த்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தேசம்மா, குப்பம்மா, ஸ்டெல்லா, கன்னியம்மா... பேர்தான் வேறு வேறு. எழுத்து ஒன்றே! அதே சாய்வு. 'ம'வுக்கு அதே கொக்கி. ஒவ்வொரு பேருக்கும் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. ஒரே ஆள் உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் தரையைப் பார்த்தார். என் ஜிப்பா பையில் அந்தப் போஸ்ட் கார்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'அமலோற்பவம்' — அதே சாய்வு, அதே கொக்கி, கோடு, இரண்டு புள்ளி.

விஷயம் இதுதான். டீச்சர் முத்து முத்தாக எழுதுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரவர் பேரைத் தன் கையால் எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். அவர்களும் ஓர் இம்மி பிசகாமல் பழகிவிட்டார்கள். அந்த இரண்டு புள்ளியும் பேரில் சேர்ந்தது என்றே நினைத்துவிட்டார்கள்!

"என்னாலதான் மூடப் போறாங்கப்பா" என்றார் டீச்சர். இத்தனை வருஷத்தில் அவர் தன்மேல் குற்றம் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். பாவம், கெட்டவர் இல்லை. இதைப் போல எத்தனை ஏமாற்று பார்த்தாரோ! அந்தப் பெண்களைக் கூப்பிடச் சொன்னார். அவர்கள் பேக்டரியில் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வர ஐந்தரை ஆகும் என்றார் ஏழுமலை. அதுவரை காத்திருக்க முடியாது என்றார் அதிகாரி.

டீச்சர் எழுத்து ஒன்றாக இருக்கும் காரணத்தை விளக்கினார். விளக்கியதோடு விட்டாரா? ஒரு தாளை எடுத்து, தேசம்மா என்று எழுதியே காட்டினார். அது பதிவேட்டில் இருந்ததோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

"அப்போ எல்லாத்தையும் போட்டது நீங்கதானா?" என்றார் அதிகாரி.

டீச்சர் தாளைக் கீழே வைத்துவிட்டார். சரி, ஜிப்பாவுக்கு வேலை வந்துவிட்டது என்று நான் முன்னால் போய், பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் மனைவி விடாமல் படிப்பாராம். "நல்லா கற்பனை பண்ணி எழுதுறீங்க" என்று பாராட்டிவிட்டு, பேனாவைத் திறந்தார். என் சாட்சியம் அத்தோடு முடிந்தது.

பதிவேட்டில் அன்றைய பக்கத்தின் மேலே, சிவப்பு மையில், பெரிய பெரிய எழுத்தாக ஒரு குறிப்பு எழுதினார். ஏழுமலை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

அதிகாரி கிளம்பியிருப்பார். ஆனால், அந்த ஊருக்குள் வருகிற ஒரே பஸ்ஸான ஐந்து மணி டவுன் பஸ் வரவில்லை! நம் பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. டிபன் பையும் களைப்புமாகப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் தேசம்மா. நாற்பது வயது இருக்கும். பேக்கிங் செக்ஷனில் வேலை. கூட்டத்தைப் பார்த்து என்னவோ ஏதோ என்று தயங்கினார்.

அதிகாரிக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. பேரை மட்டும் கோலம் மாதிரி வரையப் பழக்கியிருக்கலாமே என்றார். ஆனாலும் நியாயஸ்தர், பதிவேட்டைத் தேசம்மா பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். தினம் எப்படிப் போடுவாயோ அப்படிப் போடு என்றார்.

தேசம்மா பேனாவை வாங்கினார். ஆனால், போடவில்லை.

"மேல இன்னா எழுதிகீதுன்னு பாத்துட்டுதான் சார் போடுவேன்" என்றார்.

சிவப்பு வரிக்குக் கீழே விரலை வைத்தார். எழுத்து எழுத்தாக நகர்ந்தார். "இந்... தக்... கை... யெழுத்... துகள்..." நடுவில் ஓர் இடத்தில் தடுக்கி, திரும்பிப் போய், மறுபடி வந்தார். "...எல்... லாம்... போ... லி."

விரல் நின்றது. தலையை நிமிர்த்தினார்.

"போலின்னா டூப்புதானே சார்? இத்தினி நாளு வூட்டு வேலைய வுட்டுட்டு வந்து படிச்ச நாங்க டூப்பா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தான் எழுதிய குறிப்பைத் தனக்கே வாசித்துக் காட்டுகிற ஒரு பெண்ணிடம், உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்? பேனாவைத் திருப்பி வாங்கினார். சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு கிழித்தார். பதிவேட்டை மூடப் போனார். தேசம்மா கையைக் குறுக்கே வைத்தார்.

"அடிச்ச எடத்துல கையெழுத்து போடுங்க சார். எங்க பேக்கிங் லைன்ல சூப்பர்வைசரே ரிஜிஸ்டர்ல அடிச்சாலும் பக்கத்துல போட்டாகணும்."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போட்டார். நூலகம் பிழைத்தது. ஏழுமலை சுவரைவிட்டு வெளியே வந்து, கலர் சோடா வாங்க ஓடினார்.

தேசம்மா மட்டும் நகரவில்லை. அந்தப் புதுக் கையெழுத்தின் கீழே விரலை வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் டீச்சரிடம் திரும்பி, "இது இன்னா எழுத்து டீச்சர்? ஒண்ணியும் படிக்க முடியலியே" என்றார்.

படிக்க முடிகிற முப்பது கையெழுத்துக்கு விசாரணை; படிக்கவே முடியாத ஒரு கையெழுத்தால் விடுதலை... இதுதானய்யா சர்க்கார்!