என் தலை மறைத்த முடிச்சு

என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. இப்போதும் அப்படித்தான், எட்டு வயதில் கேட்கவே வேண்டாம். வில்லியனூர் மண்டபத்தில் மாமாவின் கல்யாணம் நடந்த காலையில், மேடைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடையே ஓடி ஓடியே பாவாடையைக் கிழித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு இரண்டு அக்காக்கள். மூத்தவள் பெரியம்மா, இளையவள் என் அம்மா. எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டால், மற்ற இரண்டையும் அவர் உடன்பிறந்தவள் போட வேண்டும். தாயில்லாத மாமாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பெரியம்மாதான். ஆனால் பெரியப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேடைக்கு வராதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சாம்பாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகவே பந்திப் பக்கம் போய்விட்டாள்.

ஆக, முடிச்சு அம்மாவுக்கு வந்தது. அம்மாவுக்குப் போட்டோ என்றால் உயிர். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி, முகத்தைச் சாய்த்து, பல் தெரியாமல் சிரித்துப் பழகினாள். மதகடிப்பட்டிலிருந்து பார்லர் அக்கா விடிவதற்குள் வந்து அலங்காரம் செய்தாள். போட்டோகிராபரையும் அம்மா விடவில்லை. "இந்தப் பக்கமா எடுப்பா. அந்தப் பக்கம் தாடை பெருசா தெரியும்."

பெரியம்மாவோ நான் பந்திப் பக்கம் போகும்போதெல்லாம் கரண்டியும் கையுமாகக் கேட்டாள். "இன்னாடி ஆச்சு? பொண்ணு வந்துடுச்சா? உங்க மாமா சிரிக்கிறானா?" கடைசியில் என் தோளைப் பிடித்துச் சொன்னாள். "தாலி கட்டும்போது கிட்டக்க நின்னு பாத்துட்டு வந்து சொல்லுடி."

நின்றேன். மணமகளின் கழுத்தருகே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். மேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது. எல்லாம் முடிந்ததும் போட்டோகிராபர் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, பாப்பா தலைதான் வந்துகீது. முடிச்சு எதுவும் தெரியல. இன்னொரு வாட்டி கட்ற மாதிரி நில்லுங்க, எடுத்துக்குறேன்."

அம்மா என்னை முறைத்தாள். "உன்ன யாருடி அங்க வந்து நிக்கச் சொன்னது?"

"பெரியம்மாதான் கிட்ட நின்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னாங்க" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா பந்திப் பக்கம் பார்த்தாள். பிறகு, "போய் பெரியம்மாவக் கூட்டினு வா" என்றாள்.

வந்தவளிடம், "என் மூஞ்சி வேர்த்து வழியுதுக்கா. போட்டோல நல்லா இருக்காது. நீ நில்லு" என்றாள். பெரியம்மா பின்னால் நகர்ந்தாள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். "தாலி கட்டியாச்சுங்க. இது சும்மா போட்டோவுக்கு" என்று அம்மா அவரையும் அடக்கினாள். மாமா இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். பவுடர்கூடக் கலையவில்லை. எத்தனை நாள் பழகினாள், என்னால் எல்லாம் வீணாகிறதே என்று துக்கமாக இருந்தது. அதனால் உரக்கச் சொன்னேன். "இல்லம்மா, வேர்க்கவே இல்ல. நீ நல்லாதான் இருக்க."

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

ஆல்பத்தில் பெரியம்மா இருக்கிறாள். புடவையில் சாம்பார்க் கறை, கண் நிறைய நீர், மூக்கு சிவந்திருக்கிறது. தாடையும் பெரிதாகத்தான் தெரிகிறது. அம்மா அதைத்தான் பெரிதாகப் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டினாள்.

உண்மையைச் சொன்னதற்காகக் கிள்ளிவிட்டாளே என்ற கோபத்தில் அன்று நான் பாயசம் குடிக்கவில்லை. பெரியம்மாதான் டம்ளரோடு என் பின்னால் மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதற்குச் சிரித்தாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.